காலிக் குழியில் என்ன இருந்தது? மூன்று இந்தோனேசியக் குத்துவாள் பிடிகள்

பழைய குத்துவாள் பிடியில் காலிக் குழிகளைக் கண்டால் பலருக்குக் கை துறுதுறுக்கும். பித்தளைக் கம்பியை வெட்டி அடித்துவிடலாம், சிப்பி ஓட்டைச் செதுக்கி ஒட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நான் எதையும் நிரப்புவதற்கு முன் குழியைப் படிப்பேன். பதித்த பொருள் விழுந்துபோனாலும் அது உட்கார்ந்திருந்த இடம் அப்படியே இருக்கும். குழியின் ஆழம், அடித்தளம், சுவரின் சாய்வு, ஓரத்தின் தேய்மானம், உள்ளே ஒட்டியிருக்கும் கறை, இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அங்கே இருந்தது உலோகமா, கல்லா, சிப்பியா, வெறும் சாயமா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நிரப்பிவிட்டால் அந்தச் சாட்சி அதோடு போச்சு.

மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் சேகரிப்பாளர் அண்ணன் ஒருவர் மூன்று பிடிகளை என்னிடம் கொடுத்திருந்தார். மூன்றுமே அலகில் இருந்து கழன்றவை. ஒன்று சுமத்ராவின் வடக்கே, ஆச்சே பகுதியைச் சேர்ந்த சிவாஹ் என்ற குத்துவாளின் பிடி. ஆச்சே என்றால் எல்லோரும் ரென்சோங் என்ற குத்துவாளைத்தான் சொல்வார்கள். சிவாஹ் அங்கே பெரிய இடத்து ஆட்கள் இடுப்பில் செருகிய ஆயுதம், அதனால் பொன்னும் கல்லும் அதில் கூடுதல். இரண்டாவது பாலித் தீவின் கிரிஸ் என்ற குத்துவாளின் பிடி, மரத்தில் செதுக்கிய குந்திய அரக்க உருவம். மூன்றாவது ஜாவாவின் கிரிஸ் பிடி. மரம் சாதாரணம்தான், ஆனால் அதன் அடியில் செலுட் எனப்படும் கிண்ண வடிவப் பூண் இருக்கிறது, அதைச் சுற்றிக் கல் பதித்த கூடுகள். அவற்றில் பாதி காலி.

அண்ணனின் கேள்வி சுருக்கமானது. "தம்பி, இதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லு. அப்புறம் போடலாமா வேண்டாமான்னு பேசுவோம்." இந்த வரிசையில் கேட்பவர்கள் குறைவு. அதனாலேயே இந்த வேலையை ஆசையாக எடுத்துக்கொண்டேன்.

கருவிகள் பெரிதாக எதுவும் இல்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ், கணினியில் சொருகும் சிறு நுண்ணோக்கி, வெர்னியர் அளவி, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், சாதாரண எல்இடி டார்ச், பல்குத்தி, மெல்லிய ட்ரேசிங் தாள், பென்சில் கரித்தூள். எல்இடி டார்ச்சை மேலிருந்து அடிக்கக் கூடாது. பிடியின் மேற்பரப்போடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்து, பக்கவாட்டில் ஒளி ஓட வேண்டும். அப்போதுதான் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மேடும் பள்ளமும்கூட நிழலாகத் தெரியும். கழுவுவது, எண்ணெய் பூசுவது, பிரஷ் போடுவது எல்லாம் படிப்பு முடிந்த பிறகுதான். குழிக்குள் இருக்கும் அழுக்கும் ஒரு சாட்சி.

சிவாஹ் பிடியில் இருந்து தொடங்குகிறேன். மூன்றில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

கையில் வாங்கியதும் எருமைக் கொம்பு என்றுதான் சொல்லத் தோன்றும். நல்ல கறுப்பு, மினுமினுப்பு, எடை குறைவு. ஆனால் அலகின் காம்பு நுழையும் அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் வட்டம் வட்டமாக வளையங்கள், மரத்தின் ஆண்டு வளையம் போல. கொம்பில் அப்படி வராது. கொம்பில் நார் நீளவாக்கில் ஓடும், மெல்லிய ஓரத்தில் பின்னால் இருந்து விளக்கு அடித்தால் தேன் நிறத்தில் ஒளி கசியும். இதில் ஒளி கசியவில்லை. செதுக்காமல் விட்ட ஒரு மூலையில் மிக நுண்ணிய முள் போன்ற மேடுகளும் தெரிந்தன. ஆக இது கறுப்புப் பவளம், மலாய்க்காரர்களும் இந்தோனேசியர்களும் அக்கார் பஹார் என்று சொல்வது. வாதத்துக்கு நல்லது என்று காப்பாகச் செய்து கையில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் காப்புகளில் பொன், வெள்ளி, பித்தளைப் புள்ளிகள் பதிப்பது இன்றும் நடக்கிற வேலை. பிடியில் இருக்கும் புள்ளிக் குழிகளுக்கு அந்தக் காப்புகளே நல்ல துணைச் சான்று.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கொம்பா பவளமா என்று பார்க்கச் சூடான ஊசியைக் குத்தி முகர்ந்து பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொம்பு கெரட்டின், கறுப்புப் பவளம் கைட்டினும் புரதமும் சேர்ந்தது. இரண்டுமே முடி கருகிய வாசம்தான் அடிக்கும். பிளாஸ்டிக் இல்லை என்று மட்டும் தெரியும், அதற்கு நூறு வருடப் பொருளில் ஒரு நிரந்தர ஓட்டை விழும். வேண்டவே வேண்டாம். அடிப்பக்க வளையம் எதையும் கெடுக்காமல் அதைவிட நிச்சயமான பதில் தருகிறது. இன்னொன்று, கறுப்புப் பவளம், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவை. "கொம்பு" என்று தப்பாக எழுதி அனுப்பினால் சுங்கத்தில் பொருளே போய்விடும் ஆபத்து இருக்கிறது. பொருளின் பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பது இந்த இடத்தில் வெறும் அறிவுப் பசி இல்லை.

அடுத்தது குழிகள். பிடியின் நடுப்பகுதியைச் சுற்றி வட்டக் குழிகள், தலைப்பக்கத் தட்டையில் எட்டு இதழ்ப் பூ வடிவில் ஆழம் குறைந்த ஒரு பள்ளம். முதலில் இவை மனிதர் போட்டவைதானா என்று பார்த்தேன். மரப் பிடி என்றால் வண்டு துளைத்த ஓட்டையாகவும் இருக்கலாம். பவுடர் வண்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டத்தில் கச்சிதமான வட்ட ஓட்டை போடும், அதைப் பதிப்புக் குழி என்று நம்பி நிரப்பிய பிடிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டு ஓட்டைக்கு அடித்தளம் கிடையாது. உள்ளே போய்த் திரும்பிவிடும், பல்குத்தி நேராக இறங்காது, தட்டினால் மாவு கொட்டும். கொம்பை வண்டுப் புழு தின்றால் ஒழுங்கற்ற வாய்க்கால் மாதிரி மேலோட்டமாக அரித்திருக்கும். இந்தக் குழிகளோ எல்லாம் ஒரே 1.2 மில்லிமீட்டர் விட்டம், மூன்று மில்லிமீட்டர் ஆழம், உள்ளே போகப் போகக் கொஞ்சம் குறுகல். சுவரில் சுழல் கீறல் தெரிந்தது. துரப்பணம் போட்ட குழிகள்தான்.

ஆழத்தைவிட விட்டம் இவ்வளவு சிறியதாக இருந்தால் உள்ளே போனது ஆணி. சிப்பித் துண்டை இவ்வளவு ஆழமான குழியில் யாரும் இறக்க மாட்டார்கள். சிப்பிக்கு ஒரு மில்லிமீட்டர் போதும், அதற்குத் தட்டையான அடியும், பிசின் பிடிக்க அடியில் குறுக்கு மறுக்கான கீறல்களும் இருக்கும். கம்பியை அடித்து இறக்கிய பதிப்பு என்றால் நீளமான காடி இருக்கும், அதன் அடி வாயைவிடக் கொஞ்சம் அகலமாக உட்குடைந்திருக்கும். ஈயமோ தகரமோ உருக்கி ஊற்றியிருந்தால் ஓரம் கருகியிருக்கும். தகரம் உருகவே 232 டிகிரி வேண்டும், ஈயத்துக்கு 327. பித்தளையை உருக்க 900 டிகிரிக்கு மேல் போக வேண்டும், ஆகவே அதை மரத்திலோ கொம்பிலோ பவளத்திலோ ஊற்றிப் பதித்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே கருகல் இல்லை, உட்குடைவு இல்லை. குளிராக அடித்து இறக்கிய ஆணி.

எந்த உலோகம்? இரண்டு குழிகளில் மேற்பரப்புக்குக் கீழே முறிந்த ஆணியின் கட்டை இன்னும் நின்றிருந்தது. லென்ஸில் மங்கலான செம்பழுப்பு, ஒரு ஓரத்தில் சிவந்த பொன் மினுக்கு. மற்ற குழிகளின் வாயில் மிக லேசான பச்சைக் களிம்பு. தூய வெள்ளி என்றால் பச்சை வராது. கெரட்டினில் கந்தகம் இருப்பதால் கொம்பில் பதித்த வெள்ளி தன்னைச் சுற்றிக் கறுப்புக் கறையை விடும். நல்ல பித்தளை என்றால் களிம்பு கெட்டியாக, எண்ணெய்ப் பிசுக்கோடு மெழுகு மாதிரி திரண்டிருக்கும். இங்கே பச்சை இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு. சுவாசாவாக இருக்கலாம் என்று தோன்றியது. பொன்னும் செம்பும் கலந்த செந்நிற உலோகம் அது. சுமத்ராவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் பூண், பெட்டி, வெற்றிலைச் செப்பு என்று எதிலும் பார்க்கலாம்.

அடகுக்கடைகளில் பொன்னைச் சோதிக்கும் காரட் மீட்டர் ஒன்றில் அந்தக் கட்டையைக் காட்டச் சொன்னேன். பொன், செம்பு, கொஞ்சம் வெள்ளி என்று காட்டியது. எண்களை நான் குறித்துக்கொள்ளவில்லை, வேண்டுமென்றேதான். அந்தக் கருவியின் கதிர் விழும் இடம் ஆணியைவிடப் பெரியது. அதோடு, பழைய சுவாசாவின் மேற்பரப்பில் செம்பு அரித்துப் போய்ப் பொன் கூடுதலாகத் தெரியும். எந்த உலோகங்கள் என்பதை நம்பலாம், எத்தனை பங்கு என்பதை நம்பக் கூடாது. சுவாசா என்று எழுத அது போதும்.

அப்புறம் ஆணியின் தலை. இதை யாரும் கவனிப்பதில்லை. ஆணி மேற்பரப்போடு சமமாகத் தேய்த்துவிடப்பட்டதா, குமிழாக வெளியே நின்றதா? குமிழ் இருந்திருந்தால் குழியைச் சுற்றி அதன் அடி மறைத்த வளையம் கை படாமல், தேயாமல், வேறு மெருகோடு இருக்கும். பக்கவாட்டு ஒளியில் நடுப்பகுதிக் குழிகளைச் சுற்றி எதுவும் இல்லை. ஆனால் தலைப்பக்கப் பூவைச் சுற்றியுள்ள குழிகளுக்கு மட்டும் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய வளையம் தெரிந்தது. ஆக உள்ளங்கை பிடிக்கும் இடத்தில் சமமான புள்ளிகள். கை படாத தலைப்பக்கத்தில் குமிழ்கள். பிடித்துப் பயன்படுத்தியவனின் வசதியை யோசித்துச் செய்திருக்கிறான். இந்த இடத்தில் அந்தக் கைவினைஞன் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஓரங்களும் பேசின. உள்ளங்கைப் பக்கத்துக் குழிகளின் வாய் உருண்டு மழுங்கியிருந்தது, உள்ளே கை எண்ணெயும் தூசியும் சேர்ந்த கெட்டிக் கறுப்பு. ஆணி விழுந்த பிறகும் இதை யாரோ நெடுங்காலம் இடுப்பில் செருகி, கையில் பிடித்திருக்கிறார்கள். தலைப்பக்கக் குழிகளின் ஓரமோ கத்தி போலக் கூர்மை, உள்ளே வெறும் உதிரித் தூசி, ஒரு குழியின் விளிம்பில் நெம்பிய கீறல். இவை விழவில்லை, பிடுங்கப்பட்டிருக்கின்றன. அதுவும் பயன்பாடெல்லாம் முடிந்த பிறகு.

பிடியைச் சுற்றி ட்ரேசிங் தாளைச் சுற்றிக் கரித்தூளை விரலால் தேய்த்தேன். உருளையாக இருந்தது தாளில் தட்டையாக விரிந்தது. கண்ணுக்குச் சிதறலாகத் தெரிந்த புள்ளிகள் வரிசையாயின: மேலும் கீழும் கூர்முக்கோணங்கள், ஒன்றின் முனை இன்னொன்றின் இடைவெளியைப் பார்த்தபடி. சொங்கேட் என்ற சரிகைத் துணியின் தலைப்பில் வரும் புச்சுக் ரெபோங், மூங்கில் குருத்து வடிவம். வடிவம் தெரிந்ததும் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. ஒரு முக்கோணத்தில் ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் குழியே இல்லை. அந்த இடத்தில் புற ஊதா டார்ச்சை அடித்தேன். சுற்றிலும் பவளம் இருட்டாக இருக்க, அந்த ஒரு புள்ளி மட்டும் பால் நீலமாக மின்னியது. நம் காலத்து எபாக்ஸி பசை, கறுப்புச் சாயம் கலந்தது. யாரோ ஒரு குழியை அடைத்துப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வடிவத்தை விரித்துப் பார்க்காவிட்டால் இது அகப்பட்டிருக்காது.

இனி அந்த எட்டு இதழ்ப் பூ. ஆழம் 0.7 மில்லிமீட்டர், சுவர் நேர், நடுவில் ஆறு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை. சிப்பி என்றுதான் முதலில் யாரும் சொல்வார்கள், அந்த அளவு சிப்பிக்குப் பொருந்தும். ஆனால் அடித்தளத்தில் குறுக்குக் கீறல் இல்லை. இதழ்களின் ஓரத்தில் மட்டும் பச்சைக் களிம்பின் கோடு. ஒவ்வொரு இதழ் நுனியிலும் தலைமுடி தடிப்புக்கு ஒரு நுண்துளை. பிசின் இதழ்களில் இல்லை, நடுவில் மட்டும் திட்டாக இருக்கிறது. இவற்றைச் சேர்த்தால் வருவது ஓரம் தாழ்ந்து நடு மேடான ஒரு தகடு. இதழ் ஓரங்கள் மட்டும் பவளத்தைத் தொட்டன, அங்கே களிம்பு. நடு மேட்டின் அடிக்குழிவு நசுங்காமல் இருக்கப் பிசின் அடைத்திருக்கிறார்கள், நம் ஊர்ப் பத்தர்கள் நகைக்குள் அரக்கு அடைப்பது அதே காரணத்துக்குத்தான். நடுத் துளையில் ஒரு முளை இறங்கியிருக்கிறது, அதன் தலையில் ஒரு கல் கூடோ குமிழோ. ரென்சோங்கிலேயே மெபுச்சொக் என்ற வகையில் பிடியின் உச்சியில் பொன் வேலைப்பாட்டுக் குருத்து வரும். சிவாஹ் பிடியின் தலையில் அதே எண்ணத்தில் ஒரு பூ என்பது பொருந்துகிறது.

அந்தப் பிசின் எது என்றும் பார்த்தேன். நடுத்திட்டு புற ஊதா ஒளியில் ஆரஞ்சாக ஒளிர்ந்தது, அது அரக்கின் குணம். காம்புக் குழிக்குள் இருந்த பிசின் மங்கிய மஞ்சள் வெண்மை. இரண்டில் இருந்தும் கடுகைவிடச் சிறிய துகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு எத்தனால் விட்டேன். முதலாவது இளகிக் கரைந்தது. இரண்டாவது பாதி வெளுத்து நின்றது, டர்பன்டைனில்தான் கரைந்தது. அது டாமார், நம் குங்கிலியத்தின் இனம். அலகைப் பிடியில் நிறுத்தியது டாமார், பூவைப் பதித்தது அரக்கு. ஒரே பொருளில் இரண்டு கைகள்: அலகைப் பொருத்தியவர் ஒருவர், பொன்வேலை செய்தவர் இன்னொருவர் என்பதற்கு இது வலுவான குறிப்பு. கல்லின் நிறத்துக்கு ஒரு தடயமும் இல்லாததால் பதிவுத்தாளில் "நடுவில் கல் அல்லது குமிழ்" என்று மட்டும் எழுதினேன். சிவப்பு மாணிக்கம் என்று எழுத ஆசைதான், ஆனால் ஆசை சான்று ஆகாது.

எச்சமாக நிற்கும் பொன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எல்லோருக்கும் தெரிய வேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது. 1825 முதல் 1830 வரை ஜாவாவில் டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட இளவரசர் டிப்போனெகோரோவின் கிரிஸ், கியாய் நோகோ சிலுமான். 1831-ல் அது டச்சு அரசர் முதலாம் வில்லெமுக்குக் கொடுக்கப்பட்டது, பிறகு அருங்காட்சியகச் சேகரிப்புக்குள் போய் எது அது என்பதே தெரியாமல் போய்விட்டது. லெய்டன் அருங்காட்சியக ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டி, ஓவியர் ராடன் சாலே எழுதி வைத்த குறிப்போடு பொருளை ஒப்பிட்டு அதை அடையாளம் கண்டார்கள். அலகில் செதுக்கிய நாகமும் அதன்மேல் எஞ்சிய பொன் தடயங்களும் அந்த ஒப்பீட்டில் சேர்ந்தவை. 2020 மார்ச்சில் அது இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. நடுவில் யாராவது அன்பாக அந்த நாகத்துக்குப் புதுப் பொன் பூசியிருந்தால் அந்தத் தடயம் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாலிப் பிடிக்கு வருவோம். பாலியில் உருவம் செதுக்கிய பிடிக்குத் தோகோகன் என்று பெயர். அரசர் வீட்டுக் கிரிஸ்களில் இந்த உருவங்களைப் பொன்னிலேயே செய்து, உடம்பெல்லாம் கல் பதிப்பார்கள். வாயு தேவன் உருவம் அவற்றில் பெயர் பெற்றது, கட்டை விரலின் நீண்ட நகத்தை வைத்து அடையாளம் காண்பார்கள். என்னிடம் இருந்தது மரம், ஆனால் அதே அலங்காரத்தை மரத்துக்கு இறக்கியது. கண் இரண்டும் காலி, நெற்றியில் ஒரு குழி, மார்பில் ஒன்று, இரு புஜங்களிலும் ஒன்றொன்று.

அண்ணன் ஆறு இடத்திலும் சிவப்புக் கல் என்று நினைத்திருந்தார். மரத்தின் நிறமே வேறு கதை சொன்னது. வெளிச்சமும் கையும் பட்ட மரம் கறுத்திருக்கிறது. மூடப்பட்டிருந்த மரம் வெளிறியிருக்கிறது. நெற்றி, மார்பு, புஜக் குழிகளைச் சுற்றி வெளிறிய வளையங்கள், ஒரு வளையத்தின் ஓரம் பூவிதழ் மாதிரி நெளிநெளியாக. அதாவது கல் நேராக மரத்தில் இல்லை. இதழ் விளிம்புள்ள உலோகக் கூட்டில் உட்கார்ந்து, கூட்டின் அடி முளை மரத்தில் இறங்கியிருக்கிறது. கண்களில் வளையமே இல்லை. குழி ஆழமில்லை, அடி தட்டை, ஓரத்தில் வெண்ணிறத் துணுக்கு ஒன்று. புற ஊதாவில் அது நீல வெண்மையாக ஒளிர்ந்தது, லென்ஸில் அடுக்கடுக்காக உடைந்திருந்தது. எலும்பில் சிறு நரம்புத் துளைகள் புள்ளியாகவோ கோடாகவோ தெரியும். இதில் அவை இல்லை, அடுக்கு மட்டும்தான். சிப்பி ஓடு. ஆறு குழிகளில் நான்கு கல் கூடுகள், இரண்டு சிப்பிக் கண்கள்.

இன்னொரு இழப்பு குழியே இல்லாத இடத்தில் இருந்தது. அரக்கனின் காதணி மடிப்புக்குள்ளும் இடுப்பு ஆடையின் ஆழமான கோடுகளிலும் கொஞ்சம் சிவப்பு, அதன் மேல் ஊசிமுனை அளவு பொன். சீனத்து சிந்தூரச் சிவப்பை பாலியில் கென்ச்சு என்பார்கள். மேலே இருந்தது பிராடா, பொன் தாள் ஒட்டும் வேலை. ஆடையும் அணியும் ஒரு காலத்தில் பொன்னிறமாக இருந்த உருவம் இது. "மரத்தின் இயற்கை அழகு" என்று இன்று நாம் ரசிப்பது தேய்ந்துபோன பிறகு மிஞ்சியது. இந்தப் பிடியை ஈரத் துணியால் துடைக்கக்கூட நான் விடவில்லை. அந்தச் சிவப்பு மடிப்புக்குள் எத்தனை பிடிமானத்தோடு இருக்கிறது என்பது தொட்டால்தான் தெரியும், தொட்டால் போயும்விடும்.

ஜாவா செலுட் சீக்கிரம் முடிந்தது, ஏனென்றால் கல் கூடுகளில் பாதியில் இன்னும் கல் இருந்தது. எஞ்சியவை கமல வெட்டு வைரங்கள்: அடி தட்டை, மேலே முக்கோண முகங்கள் குவிந்து ஒரு முனை. போர்னியோத் தீவின் லண்டாக், மார்த்தாபுரா பகுதி வைரங்கள் ஜாவாவின் நகைகளுக்கு வந்தது பழைய வழக்கம். மார்த்தாபுராவில் இன்றும் கல் வெட்டுகிறார்கள். இந்த வெட்டுக்குப் பின்பக்கம் மூடிய கூடும் தட்டையான மெத்தையும்தான் தேவை, அடியில் பளபளக்கும் வெள்ளித் தகடு. காலிக் கூடுகளில் அந்தத் தகடு கறுத்து நின்றது. ஆழத்தை அளந்தேன், கல் இருக்கும் கூடுகளின் ஆழத்தோடு ஒத்துப்போனது. சரி, காலியானவையும் கமலம்தான்.

இரண்டு கூடுகள் மட்டும் வேறு மாதிரி. கல் இருக்கிறது, மற்றவற்றைவிடப் பிரமாதமாக மின்னுகிறது. அதுதான் சந்தேகம். இன்று வைரத்துக்குப் பதில் வைக்கும் செயற்கைக் கல்லான கியூபிக் சிர்கோனியாவின் அடி கூம்பு. தட்டை மெத்தையில் உட்காராது. உட்கார வைக்க மெத்தையைத் துளைக்க வேண்டும். செலுட்டைக் கழற்றி உட்பக்கத்தைப் பார்த்தேன், சரியாக அந்த இரண்டு கூடுகளின் பின்னால் புதுத் துரப்பணத் துளை, ஓரத்தில் சிலும்பு. கடைக்காரர்கள் செய்யும் வேலைதான், பல பூண்களில் பார்க்கலாம். பழைய மெத்தையைத் துளைத்ததால் அந்த இரண்டு இடங்களின் சாட்சி பாதி அழிந்துவிட்டது. அண்ணனுக்கு இதைச் சொன்னபோதுதான் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

அப்புறம் அவர் எதிர்பார்த்த பேச்சு. "சுவாசா கம்பி இழுத்துத் தர ஆள் இருக்கார். அடிச்சிடலாமா?"

சிவாஹ் பிடியில் அடிக்கக் கூடாது என்று சொன்னேன். கறுப்புப் பவளம் உலர உலர வளையத்தோடு வளையமாகப் பிரியும். அடிப்பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு முடிக்கோட்டு விரிசல். புதிதாக இருந்தபோது தாங்கிய அடியை இப்போது தாங்காது. அதோடு உள்ளங்கைக் குழிகளின் மழுங்கிய வாயும் கறுத்த அழுக்கும் இந்த ஆயுதம் எப்படி வாழ்ந்தது என்பதன் பதிவு, அவற்றைச் சுரண்டாமல் புது ஆணி நிற்காது. அவர் யோசித்தார், ஒப்புக்கொண்டார். ஆனால் பார்க்க வருபவர்களுக்கு முழு அழகும் தெரிய வேண்டும் என்ற அவர் ஆசையும் நியாயமானதுதான். அதனால் ட்ரேசிங் தாளில் கிடைத்த வடிவத்தை அப்படியே மரத்தில் கடைந்த ஒரு மாதிரிப் பிடிக்கு மாற்றி, அதில் செம்புக் கம்பிப் புள்ளிகள் பதித்துக் கொடுத்தேன். மூங்கில் குருத்து வரிசை முழுதாக அதில் தெரிகிறது. பூவின் நடு மட்டும் வெறும் மேடு; கல் வைக்கவில்லை.

பாலிப் பிடியின் கண்களில் மட்டும் ஒரு சிறு வேலை செய்தேன். கண் காலியாக இருப்பதால் தூசி புகுந்து சிப்பித் துணுக்கை நகர்த்திக்கொண்டிருந்தது. துணுக்கை அதன் இடத்திலேயே ஒரு துளி அரக்குக் கரைசலால் நிறுத்தி, தொடாத மற்றக் கண்ணுக்கு மட்டும் சிப்பி ஓட்டை மெலிதாக வெட்டித் தேன்மெழுகால் வைத்தேன். மெழுகு 62 டிகிரியில் இளகும். நாளைக்கு வேண்டாம் என்றால் சூடான ஸ்பேட்டுலா முனையை ஓரத்தில் வைத்தாலே கழன்று வரும். அதன் அடியில் ஆண்டைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

செலுட்டில் சிர்கோனியாவை எடுக்கவில்லை. எடுத்தால் கூட்டின் விளிம்பை இன்னொரு முறை நெம்ப வேண்டும், பழைய வெள்ளி அதைத் தாங்குமா என்பது சந்தேகம். காலிக் கூடுகளில் கறுத்த தகடு அப்படியே இருக்கட்டும் என்று மெருகு போடாமல் விட்டேன்.

மூன்று பிடிகளுக்கும் தனித்தனிப் பதிவுத்தாள் போட்டாயிற்று. ஒவ்வொரு குழிக்கும் எண், அளவு, பக்கவாட்டு ஒளியிலும் புற ஊதாவிலும் எடுத்த படம், என்ன இருந்தது என்ற என் முடிவு, அந்த முடிவு எதை வைத்து என்ற ஒரு வரி. முடிவுக்குப் பக்கத்தில் "உறுதி", "பெரும்பாலும்", "தடயம் இல்லை" என்ற மூன்றில் ஒன்று. சிவாஹ் புள்ளிகள் உறுதி, பூத்தகடு பெரும்பாலும், அதன் நடுக்கல் தடயம் இல்லை. தாளை அமிலமில்லாத உறையில் போட்டுப் பிடியோடு ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார் அண்ணன். சிவாஹ் பெட்டியைக் குளிர்சாதனக் காற்று நேராக அடிக்காத அலமாரிக்கு மாற்றச் சொன்னேன், மாற்றிவிட்டார். ஒரு கோடைக்குப் பிறகு அந்த இரண்டு விரிசல்களையும் மறுபடி அளக்க வேண்டும்.